புஷ்பம் தாலிக்கொடி எடுத்த நாள்

பதுளைக் கடைவீதியில் அன்று நாங்கள் ஏறிய மூன்றாவது நகைக்கடை அது. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் டை கட்டிய விற்பனையாளர். இந்தப் பக்கம் நானும் என் மனைவி புஷ்பமும். நடுவில் சிவப்பு வெல்வெட் துணியில் ஒரு தாலிக்கொடி.

சட்டைப் பையிலிருந்து என் பழைய லென்ஸை எடுத்துக் கண்ணில் சொருகினேன். முப்பத்தைந்து வருடம் தேயிலை இயந்திரங்களின் பல்லையும் அச்சையும் பார்த்த லென்ஸ் அது. கொடியைத் தூக்கி, கொக்கி சேரும் இடத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

"ஐயா, இது மெசின் இல்லீங்க, நகை" என்றார் விற்பனையாளர்.

"ரெண்டும் ஒட்டுலதான் தம்பி நிக்குது" என்றேன்.

புஷ்பம் என் முழங்கையைத் தொட்டாள். "போதுங்க. எனக்கு வேணாம். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

முதல் இரண்டு கடைகளிலும் அவள் இதையேதான் சொன்னாள். விற்பனையாளர் அவள் கழுத்தைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவளின் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. அவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கயிறு அங்கே பதினைந்து வருடமாகக் கிடந்ததற்குக் காரணம் நான். அந்தக் கடையில் நின்றவர்களில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். புஷ்பத்துக்கும் தெரியாது.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் தேயிலை ஸ்டோர் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களைப் போல இயந்திரம் பார்க்கத் தெரிந்தவருக்கு நகை பார்க்கவும் தெரியுமே, அதையும் எழுதுங்களேன்" என்று வெலிமடையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதுகிறேன். ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்ட விதத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பேரிங்குக்கு ஒரு மணி நேரம்

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். பெரகல சந்திக்கு மேலே, மேகம் ஏறி இறங்கும் ஒரு சரிவில் எங்கள் தோட்டத்து ஸ்டோர் இருக்கிறது. நான் அங்கே இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். புஷ்பம் கொழுந்து எடுப்பவள்.

எங்கள் கல்யாணம் மஞ்சள் கயிற்றில்தான் நடந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். தாலி மட்டும் தங்கம், ஒரு அரிசி கனத்தில். கயிற்றை எடுத்துவிட்டுக் கொடி போடுவது பிறகு, கை கொஞ்சம் நிமிர்ந்ததும்.

கல்யாணத்துக்கு அடுத்த வருடம் என் கை நிமிர்ந்தது. அந்த வாரம் உருட்டும் இயந்திரத்தின் பேரிங் ஒன்று தேய்ந்துபோக, புதியது வாங்கி வரச் சொல்லி என்னைத் தோட்டத்து லொறியில் டவுனுக்கு அனுப்பினார்கள். எந்த டவுன், எந்தக் கடை என்பதெல்லாம் இப்போது வேண்டாம்.

பேரிங் கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். நான்கைந்து பேரிங்குகளைச் சுழற்றிக் காதில் வைத்துக் கேட்டேன். விளிம்பை நகத்தால் தடவினேன். ஒன்றில் சிறு கரகரப்பு இருந்ததால் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை. ஸ்டோர் சாமான் அல்லவா, பிழைத்தால் என் பெயர் கெடும்.

பிறகு பக்கத்துத் தெருவில் நகைக்கடைக்குப் போனேன். வெளியே லொறி டிரைவர் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தார். கண்ணுக்கு மொத்தமாக, பளபளவென்று தெரிந்த ஒரு கொடியைக் காட்டினேன். நிறுத்தார்கள், ஒரு டப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். கொக்கியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

கொடியைப் போட்டுக்கொண்ட அன்று புஷ்பம் கண்ணாடி முன்னால் நின்று, "இவ்வளவு மொத்தமா?" என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மொத்தத்துக்குள்ளே காற்றுத்தான் இருந்தது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. மெல்லிய தகட்டைக் குழாயாகச் சுருட்டிச் செய்த கொடி. பார்வைக்கு மூன்று பவுன் போல இருக்கும். கையில் எடுத்தால் பாதிகூட இருக்காது.

மலையில் தொலைந்தது

எங்கள் மகள் தர்ஷினி மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது இது. விட்டு விட்டு மழை பெய்துகொண்டிருந்த மாதம்.

கொழுந்து எடுப்பவர்களைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கூடை முதுகில் தொங்கும். அதன் கயிறு உச்சந்தலையில் இருக்கும். கயிற்றின் இரண்டு பக்கமும் காதை ஒட்டி, பிடரியை உரசிக்கொண்டு பின்னால் இறங்கும். கூடை நிறைய நிறைய உரசலும் கூடும். ஒரு நாளில் அந்தக் கழுத்து ஆயிரம் தடவையாவது குனிந்து நிமிரும். என் மனைவியின் கழுத்து என்ன வேலை செய்கிறது என்று ஒரு கொடி வாங்கப் போனவன் யோசித்திருக்க வேண்டும்.

பின்னேரக் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையை இறக்கும்போது புஷ்பம் கழுத்தில் கை வைத்தாள். கொடியும் இல்லை, தாலியும் இல்லை.

அவள் போட்ட சத்தத்தில் அந்த மலையிலிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அன்று அவள் எடுத்த நிரைகளில் ஏறி, செடிக்கடியில் கையை விட்டுச் சருகைக் கிளறித் தேடினார்கள். கங்காணி முதலில் சத்தம் போட்டார், பிறகு அவரும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கானுக்குள் இறங்கினார். கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். அன்று தண்ணீர் செம்மண் நிறத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குச் செய்தி வந்தபோது நான் ஸ்டோர் மேல்மாடியில் நின்றேன். கொழுந்தை வாட்டுவதற்காகப் பரப்பும் நீளத் தொட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. அவள் கூடைக் கொழுந்தோடு கொடியும் வந்திருக்கலாமே என்று காற்றாடியை நிறுத்திவிட்டேன். தொட்டியில் ஏறி முழங்காலில் நின்று, பிடி பிடியாகக் கொழுந்தை அள்ளிப் பார்த்தேன். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கீழேயிருந்து கத்தினார்.

"காத்தாடிய யாருடா நிப்பாட்டுனது?"

"ஐயா, சம்சாரத்து தாலிங்க" என்றேன்.

அவர் மேலே ஏறி வந்து, மற்றத் தொட்டியில் தேட ஆரம்பித்தார்.

கிடைக்கவில்லை. மறுநாள் கோயிலில் பூசாரி மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு முடிந்து கொடுத்தார். "இதுவும் தாலிதாம்மா. மனச விட்டுறாத" என்றார். நல்ல மனிதர்.

என் மூத்த அக்கா அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து லயத்திலிருந்து வந்து வாசலில் நின்றுகொண்டு, "தாலியத் தொலச்சுட்டு வந்து நிக்கிறாளே, என் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று ஊருக்குக் கேட்கப் பேசினாள். புஷ்பம் அடுப்படியில் குனிந்து நின்றாள். நான் உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன்.

வலைக்கு அடியில்

அந்த ஞாயிற்றுக்கிழமை வாட்டும் தொட்டிகளைக் கழுவும் முறை வந்தது. கம்பி வலையைக் கழற்றித் தூக்கினால், அடியில் காய்ந்த காம்புகளுக்கு நடுவே ஏதோ மின்னியது. கொக்கி. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு வளையம்.

பட்டறைக்குக் கொண்டுபோய் லென்ஸை வைத்துப் பார்த்தேன்.

இரும்பானாலும் தங்கமானாலும் முறிந்த இடம் கதை சொல்லும். இழுபட்டுப் புதிதாக முறிந்திருந்தால் அந்த வாய் பளிச்சென்று இருக்கும். இந்த வளையத்தின் வாய் கறுத்திருந்தது. அதற்குள்ளே வருடக்கணக்கான வியர்வையும் சவர்க்கார அழுக்கும் படிந்திருந்தன. வளையத்தைக் குறட்டால் நெருக்கி வைத்திருக்கிறார்கள், சூடு வைத்து ஒட்டவேயில்லை. முதல் நாளிலிருந்தே அந்த வாய் திறந்துதான் இருந்திருக்கிறது. கூடைக் கயிறு உரச உரசக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, ஒரு மழை நாளில் கொடியை விட்டுவிட்டது.

புஷ்பம் எதையும் தொலைக்கவில்லை. வாங்கிக் கொடுத்தவன் பார்த்து வாங்கவில்லை.

அன்றே வீட்டுக்கு ஓடிப்போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஸ்டோரில் என் கையைத் தாண்டி ஒரு தேய்ந்த ஆணி போகாது என்று பெயர் எடுத்தவன் நான். கொக்கியை ஒரு காகிதத்தில் சுற்றி, பட்டறை இழுப்பறையில் அளவுக் கருவிப் பெட்டிக்குள் வைத்தேன். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் உருட்டும் இயந்திரத்தில் என் இடது கைச் சுண்டுவிரலின் நுனி போனது. என் கவனக்குறைவு, வேறொன்றுமில்லை. லயத்தில் அப்படிப் பேசவில்லை. "தாலி போன தோசம்" என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரி வாசலிலேயே அதைச் சொன்னாள். அன்றிலிருந்து புஷ்பம் வெள்ளிக்கிழமைகளில் எனக்காக விரதம் பிடிக்க ஆரம்பித்தாள். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மலைக்குப் போவாள்.

அதற்குப் பிறகு சொல்ல என் வாய் இன்னும் கனத்துப்போனது. இடையில் இரண்டு மூன்று தடவை புதுக் கொடி எடுக்க வசதி வந்தது. "நான் ராசியில்லாதவ. மறுபடியும் தொலச்சிருவேன். புள்ளைக்குப் படிக்கக் கட்டுங்க" என்றாள் ஒவ்வொரு தடவையும். கட்டினோம். தர்ஷினி படித்து, கொஸ்லந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனாள். நான் ஓய்வுபெற்ற மாதம் அவள் தன் சேமிப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, ஒங்களுக்கு வர்ற காசையும் இதோட சேத்து அம்மாவுக்கு தாலிக்கொடி எடுங்க. அம்மா வேணாம்னுதான் சொல்லுவாங்க. நீங்க கூட்டிட்டுப் போயிருங்க."

பெரிய கண்ணாடிகளில் பார்த்தது

இப்படித்தான் ஒரு சனிக்கிழமை பெரகலயில் பஸ் ஏறி, ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி எல வழியாகப் பதுளைக்குப் போனோம். மூன்று கடைகளில் நான் பார்த்தவற்றை அந்த வாசகிக்காகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் நகையின் முகத்தைப் பார்க்கிறார்கள். முதுகைப் பாருங்கள். முகத்தைச் செய்கிறபோது எவரும் கவனமாகத்தான் செய்வார்கள். நேர்மையானவர் முதுகையும் அதே கவனத்தோடு செய்திருப்பார். அங்கே அரம் போட்ட கீறல், ஊசித் துளை, வேறு நிறத்தில் திட்டுத் திட்டாக ஒட்டுப்பொடி தெரிந்தால் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

கல் வைத்த தோடு என்றால் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே கல் 'கிடுக்' என்றால் அதைப் பிடித்திருக்கும் பல் சரியில்லை. சுரை, அதாவது பின் திருகு, போடும் தோடு என்றால், ஒரே சுற்றில் ஏறிவிடும் சுரை ஒரே சுற்றில் இறங்கியும் விடும். நாலைந்து சுற்றாவது கேட்க வேண்டும்.

பார்வைக்கு இருக்கும் கனம் கையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை கரட், நகை எத்தனை கிராம், கல் எத்தனை கிராம் என்று தனித்தனியாகப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே ஒரு பதில். எத்தனை பேர் காத்திருந்தாலும், வெளியே எந்த லொறி ஹோன் அடித்தாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

எனக்கு அன்று இத்தனையும் தெரிந்திருந்தது. இருந்தும் மூன்று கடையிலும் ஒன்றும் எடுக்க முடியவில்லை. நான் ஒவ்வொன்றாகக் குறை கண்டுகொண்டிருந்தேன். கழுத்தில் போடப் போகிறவளோ வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு பிளேன்டீ

பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். பால் விடாத இரண்டு பிளேன்டீயும் ஒரு தட்டு வடையும் வந்தன.

"நீங்க எத்தன கடை ஏறினாலும் சரி, என் ராசி மாறாதுங்க" என்றாள் புஷ்பம். "நான் போட்டா அது தங்காது."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. மணிபர்ஸிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்து, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஓய்வுபெற்று வந்த அன்று பட்டறை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்திருந்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவளுக்கு. எட்டு வருடம் தினமும் கழுத்தில் கிடந்த கொக்கி.

"எப்பக் கெடச்சிச்சு?"

"தொலஞ்ச அந்த வாரமே. ஞாயித்துக்கெழம."

"எங்க?"

"வாட்டுற தொட்டியில, வலைக்கு அடியில." நான் மேசையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வளையம் ஒட்டவேயில்லை, வாங்கும்போதே அது பழுது, நான் பார்க்கவில்லை, பத்து நிமிடத்தில் வாங்கினேன், சொல்ல வெட்கமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது.

அவள் கொக்கியைக் கையில் எடுக்கவில்லை. ஒரு விரலால் தொட்டாள், அவ்வளவுதான்.

"அப்ப, ஒங்க வெரல் அடிபட்டப்பவே ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒங்கக்கா வாசல்ல நின்னு பேசுனப்ப?"

"அது கொக்கி கெடைக்க முந்தி. ஆனா அதுக்கப்பறமும் எத்தனையோ தடவ பேசினா. அப்பவெல்லாம் தெரியும்."

"பதினஞ்சு வருசம்" என்றாள். குரல் உயரவில்லை. "ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நான் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன். எதுக்குன்னு ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

பக்கத்து மேசையில் யாரோ சீனி கேட்டார்கள். பஸ் ஒன்று பின்னால் எடுத்தது. புஷ்பம் ஆறிப்போன தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க."

வீட்டுக்குத்தான் என்று நினைத்துப் பஸ் நிலையப் பக்கம் திரும்பினேன். அவள் கடைவீதிப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

"இனி நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

கழுத்தால் பார்த்தவள்

அவள் ஏறியது பெரிய கண்ணாடி இல்லாத ஒரு சின்னக் கடை. வெள்ளைத் தொப்பி போட்ட முதலாளி எழுந்து, "வாங்க தங்கச்சி, உக்காருங்க" என்றார். எல்லோரும் அவரை, முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வது போல, நானா என்றே கூப்பிட்டார்கள். 'இருக்கும்' என்பது அவர் பேச்சில் 'ஈக்கும்'.

"தாலிக்கொடி பாக்கணும் நானா."

அவர் நாலைந்து எடுத்து வைத்தார். புஷ்பம் இருந்ததிலேயே அழகான ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு தன் கைப்பையின் வாரைத் தூக்கி உச்சந்தலையில் மாட்டினாள். பை முதுகில் தொங்கியது. கடைக்கு நடுவே நின்று, இல்லாத தேயிலைச் செடிமேல் குனிந்து, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுவது போல வேகமாக அசைந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

கடையிலிருந்த மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானா சிரிக்கவில்லை.

"மலையில வேலையா தங்கச்சி?"

"ஆமாங்க. இது பிடரி மயிரைப் பிடிக்குது. வாரும் இதுல சிக்குது."

"அப்ப இது ஒங்களுக்குச் சரிவராது" என்று அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "இது கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் போடுற சாமான். உள்ளுக்குப் பொள்ளல். கயிறு பட்டா நசுங்கிப் போகும். வேலைக்குப் போட ஏலாது." குனிந்து கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். "இதப் பாருங்க. பாக்க மெலிசா ஈக்கும். ஆனா உள்ளுக்கும் தங்கம்தான்."

எனக்கு அது மிகவும் மெல்லிசாகப் பட்டது. வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

புஷ்பம் அதை உள்ளங்கையில் குவித்து, கனத்தைப் பார்த்தாள். தன் கம்பளிச் சட்டையின் கையில் மேலும் கீழுமாக இழுத்தாள். ஒரு நூல்கூடச் சிக்கவில்லை. ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டாள், முறுக்காமல் நேராக விழுந்தது. மறுபடியும் வாரை மாட்டிக் குனிந்து நிமிர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொக்கியைத் தடவிப் பூட்டினாள், திறந்தாள், பூட்டினாள்.

"கூட வந்தவரு நல்லா மெசின் பாக்கிறவரு நானா" என்றாள். "அவரு கண்ணால பாக்கிறாரு. நான் கழுத்தாலதான் பாக்க வேண்டியிருக்கு."

பிறகு அவள் கொக்கியடி வளையத்தைக் காட்டினாள். "இதுல ஒட்டு இருக்கா, வெறுமன நெருக்கி வச்சிருக்கா?"

நானா லென்ஸில் பார்த்தார். "ஒட்டு ஈக்கி. ஆனா மலையில போடுறதுக்கு இன்னும் பலமா வச்சாத்தான் நல்லம்" என்றார். "பின்னுக்குப் பத்தர் ஈக்கிறார். வாங்க, ஒங்கட கண்ணுக்கு முன்னுக்கே வச்சுத் தாறன்."

பின்னறையில் பத்தர் குழாயை வாயில் வைத்துச் சுடரை ஊதியபோது புஷ்பம் அவருக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்த்தாள். ஒட்டுப்பொடி உருகி, ஒரு நொடி பளிச்சென்று ஓடி அடங்கியது. ஆறியதும் இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். பத்தர் திடுக்கிட்டார். வளையம் அசையவில்லை.

அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேத்தண்ணிக் கடைக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொடியை என் கையில் வைத்தாள்.

"இப்ப நீங்க பாருங்க. ஒட்டு ஓடியிருக்கா?"

லென்ஸை எடுத்தேன். வளையத்தைச் சுடர் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். பிறகு தெரிந்தது. எங்கே வளையம் முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒட்டு.

"ஓடியிருக்கு" என்றேன். அந்தக் கடையில் நான் பேசியது அந்த ஒரு சொல்தான்.

தாலியையும் அங்கேயே எடுத்தோம். நானா கரட்டையும் கிராமையும் பில்லில் எழுதினார். புஷ்பம் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

அக்கா வீட்டில்

மறுநாள் நானே அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. கொக்கியை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அதை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே இருந்தாள். "ஏன்டா, இத அப்பவே சொல்லியிருந்தா நான் வாய மூடியிருப்பேனேடா" என்றாள். பிறகு, "நீ பேசாம இருந்தே. நான் பேசிக்கிட்டே இருந்தேன். ரெண்டு பேரும் சேந்துதான் அவளப் போட்டு வதச்சிருக்கோம்" என்றாள்.

நல்ல நாள் பார்த்துக் கோயிலில் தாலி கோத்த அன்று, தர்ஷினியின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்காவும் வந்தாள். புஷ்பத்தின் கையைத் தேடிப் பிடித்து, எல்லோர் முன்னாலும், "என்னய மன்னிச்சுரும்மா" என்றாள். அக்கா தடுமாறாமல் இருக்க, புஷ்பம் படி இறங்கும் வரை அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

என்னை அவள் எப்போது மன்னித்தாள் என்று எனக்குத் தெரியாது. சில நாட்களில் இன்னும் மன்னிக்கவில்லை என்றுதான் தோன்றும். வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டுவிட்டாள். முதல் வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் தின்றுவிட்டு மலைக்குப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம்

பதுளையில் கொழுந்து கிள்ளிக் காட்டிக் கொடி எடுத்த கதை லயத்தில் பரவிவிட்டது. இப்போது நகை எடுக்கப் போகிறவர்கள் புஷ்பத்தைக் கூப்பிட வருகிறார்கள். நாலைந்து கலியாணங்களுக்கு நகை எடுக்கப் போய்விட்டாள். தங்கம் விற்கிற விலையில், வாழ்க்கையில் ஒரு தடவை எடுக்கப் போகிறவர்களுக்கு அவள் பக்கத்தில் இருப்பது தைரியமாக இருக்கிறதாம். கைக்குழந்தைக்காரிக்கு நீளக் காதணி வேண்டாம் என்கிறாள், பிள்ளை பிடித்து இழுக்கும். கார்மண்ட்ஸில் தைக்கிற பெண்ணுக்குக் கல் தூக்கிய மோதிரம் வேண்டாம் என்கிறாள், துணியில் மாட்டும். போடுகிறவள் நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்றுதான் முதலில் கேட்கிறாள். என் லென்ஸ் பெரும்பாலும் அவள் கைப்பையில்தான் கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்தப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் தாயும் வந்திருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை பதுளைக்குப் போக நேரம் குறித்தார்கள். நான் அடுப்படியில் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் புஷ்பத்தின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் போல. "பெரியம்மா, ஒங்க கொடி நல்லா இருக்கு. பெரியப்பாவா எடுத்துக் குடுத்தாரு?" என்று கேட்டாள்.

என் கையில் வடிகட்டி அப்படியே நின்றது.

"இல்லம்மா, நானே பாத்து எடுத்தேன்" என்றாள் புஷ்பம். கொஞ்சம் பொறுத்து, "அவரு கூட வந்தாரு" என்றாள்.

நான் நாலு கோப்பையிலும் தேத்தண்ணியை ஊற்றி, சீனி போட்டுக் கலக்கி, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். புஷ்பம் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் உட்கார எனக்கு இடம் விட்டாள்.